நூற்று நாற்பது காலடி: முன்ஸ்டர்லாந்துக் களிமண்ணில் ஒரு பழைய கார்ப் பந்தயம்

கார்ப் பந்தயம் பார்க்க நானாகக் கிளம்பிப் போகிற ஆள் இல்லை. சத்தமும் கூட்டமும் உள்ள இடத்தில் எனக்கு வாய் திறக்காது. போன செப்டம்பரில், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நான் போனதற்கு ஒரே காரணம் மாலா அக்கா. டுசல்டோர்ஃபில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். அக்கா முதியோர் இல்லத்தில் தாதி. அவர் கணவர் சுதன் அண்ணா கார் மெக்கானிக். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இருபத்தெட்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறார்கள்.

சுதன் அண்ணா ஐந்து வருடமாகப் பழைய கார்ப் பந்தயம் ஓட்டுகிறார். அக்கா ஒவ்வொரு பந்தயத்துக்கும் கூடவே போவார், ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. கூடாரத்துக்குள் ஓட்டப் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"இந்த முறை நீ வாறியா பிள்ளை? வருசக் கடைசி றேஸ். அவர் ஓடேக்கை ஆராவது பாத்துச் சொல்லோணும். எனக்குக் கண் திறக்க ஏலாது," என்றார்.

சரி என்றேன். பார்ப்பதுதான் வேலை என்றால் எனக்கு வரும்.

என் வேலையும் அதுதான். எனக்குக் கரூர்ப் பக்கம். அம்மா ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். துணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இப்போது வூப்பர்டாலில் நாடாக்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். பாரம் தூக்கும் பட்டை, கயிறு, பெல்ட் எது வந்தாலும் இயந்திரத்தில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவில் அறுந்தது என்று எழுத வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

அண்ணாவும் அக்காவும் சனிக்கிழமையே வேனில் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஞாயிறு காலை 6.48க்கு டுசல்டோர்ஃப் தலைமை நிலையத்தில் வட்டார ரயில் ஏறினேன். டூயிஸ்பேர்க், எஸ்ஸன், ரெக்லிங்ஹவுசன் வழியாக முன்ஸ்டர் போய்ச் சேர 8.22 ஆனது. ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதாந்திர டிக்கெட் கையில் இருந்ததால் தனிச் செலவு இல்லை. நிலையத்துக்கு வெளியே 8.40க்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான், தவற விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஐம்பது நிமிடப் பயணம். ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "பந்தயத்துக்கா? தனியாகவா? காதுக்கு ஏதாவது கொண்டுவந்தாயா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார், ஆனால் அது வேறு மாதிரி.

நிறுத்தத்திலிருந்து 2.8 கிலோமீட்டர் நடை. இரு பக்கமும் ஆளுயரச் சோளம், அறுவடைக்கு நின்றது. வழிகாட்டிப் பலகை ஒன்றும் கிடையாது. சத்தத்தைப் பின்பற்றிப் போனால் சரியாக இருக்கும். 10.05க்கு நுழைவாயில். சீட்டு பன்னிரண்டு யூரோ, ரொக்கம் மட்டும். கையில் ஒரு முத்திரை குத்தினார்கள். அது புதன்கிழமை வரை போகவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது தார்ச்சாலைப் பந்தயம் இல்லை. வயல் நடுவே களிமண்ணில் முட்டை வடிவ ஓட்டப் பாதை, ஒரு சுற்று 350 மீட்டர். நான் பார்த்தது பழைய கார்களுக்கான பிரிவு: ஐம்பது வருடத்துக்கு முந்தைய குடும்பக் கார்கள், இருபது. பத்துப் பத்தாக இரண்டு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு ஓட்டம். ஒவ்வொரு குழுவிலும் முதல் ஐந்து பேர் நான்கு மணி இறுதி ஓட்டத்துக்குப் போவார்கள். ஒருவரையொருவர் இடிக்கலாம், ஒதுக்கலாம். வேண்டுமென்றே உருட்டிவிட்டால் வெளியேற்றம். அண்ணாவின் கார் எண் 47. இந்த வருடத்தின் மொத்தப் புள்ளிக் கணக்கில் அவர் இரண்டாமிடம். முதலிடத்துக்கு நான்கு புள்ளிதான் குறைவு.

கார்கள் நிற்கும் இடத்தில் அண்ணாவின் பக்கத்துக் கார் பச்சை நிறம், எண் 12. அதன் ஓட்டுநர் வெர்னர், பேக்கரிக்காரர், அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து இரண்டு மஞ்சள் நுரைத் துண்டுகளை எடுத்துக் கையில் வைத்து, தன் காதைக் காட்டினார். அக்கா காரமாக உருட்டிப் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் தட்டில் ஏற்கெனவே இரண்டைக் காலி செய்திருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பத்து வருசமா மாவோடை நிக்கிற மனுசன், ஒரு மிளகாய்க்கு அழுகுது," என்றார் அண்ணா. பிறகு என்னிடம், "வாங்க தங்கச்சி, வாங்க! ரயில்ல வந்தீங்களாங்க? சாப்பிட்டீங்களாங்க?" என்று எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டினார். பார்க்கிற நாள் எல்லாம் இப்படித்தான்.

"விடுங்கோ அந்தப் பிள்ளையை," என்றார் அக்கா.

காரை எனக்குச் சுற்றிக் காட்டினார் அண்ணா. வெளியே பார்த்தால் பழைய குடும்பக் கார், பளபளவென்ற நீலம், ஒரு கீறல் இல்லை. வாரா வாரம் இடித்துவிட்டு வாரா வாரம் தட்டிப் பூசுகிறார். உள்ளே எதுவும் இல்லை. கண்ணாடிகளை எல்லாம் கழற்றியிருந்தார்கள். கதவுகள் பற்ற வைத்து மூடியிருந்தன, ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். ஆளைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூடு. ஓட்டுநர் பக்க ஜன்னலில் பட்டை வலை. உருண்டால் கை வெளியே போகாமல் இருக்க. முழுமுகத் தலைக்கவசம், கழுத்தைச் சுற்றி நுரைப் பட்டை, தீப்பிடிக்காத உடை. முன்பக்கம் முதலில் நசுங்கும் என்பதால் பேட்டரியை எடுத்து இருக்கைக்குப் பின்னால் பெட்டியில் வைத்திருந்தார். அதற்கு மேலேதான், குறுக்குக் குழாயில், தோள் பெல்ட்டுகளின் முடிச்சு.

"எல்லாம் இருக்கு, ஆனா ஆளைப் பிடிக்கிறது இது ஒண்டுதான்," என்று பெல்ட்டைத் தட்டினார். நீல நிறம், காருக்குப் பொருத்தமாக. பழைய பாணிப் பெல்ட். பழைய கார்ப் பிரிவில் வருடா வருடம் சோதித்து ஒட்டுத்தாள் ஒட்டினால் அனுமதி உண்டாம். ஏப்ரலில் ஒட்டிய பச்சைத்தாள் இருந்தது.

தோள் பெல்ட்டை ஓட்டுநர் தானாக முழுக்க இறுக்க முடியாது. வெளியே நின்று ஒருவர் பின்னாலிருந்து இழுத்துத் தர வேண்டும். அக்கா காருக்குக் கிட்ட வர மாட்டார். அண்ணா என்னைக் கூப்பிட்டார். பின் ஜன்னல் வழியாகக் கை விட்டு வலப்பக்கப் பட்டையைப் பிடித்தேன்.

மணி 10.40. கைக்கடிகாரம் கண்ணுக்கு நேராக இருந்ததால் நினைவிருக்கிறது.

குறுக்குக் குழாய்க்குப் பக்கத்தில், இருக்கையின் முதுகு மறைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை விறைத்திருந்தது. கஞ்சி போட்ட துணி மாதிரி. நீலம் அங்கே மட்டும் வெளுத்திருந்தது. விரலை ஓட்டினேன், பொடிப் பொடியாக நார் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, இது என்னங்க, இங்க ஒரு மாதிரி இருக்கு?"

"அதோ? போன மாசம் அடிபட்டதிலை பற்றரி வெடிச்சு, தண்ணி தெறிச்சது. அக்கா ரெண்டு தரம் தோச்சுத் தந்தவ. இப்ப புதுசு மாதிரி எல்லோ? இழும் தங்கச்சி, இழும்!"

இழுத்தேன்.

பேட்டரித் தண்ணீர் என்றால் கந்தக அமிலம். இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர். அவை ஓரளவு தாங்கும். பழைய பாணிப் பெல்ட் நைலான். அமிலம் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், துவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், இழுத்தால் மட்டும் இருக்காது. இது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்குத் தெரியுமோ தெரியாது, எனக்குத் தெரியும். ஆனால் ஒட்டுத்தாள் இருந்தது. ஜெர்மன்காரர்கள் பார்த்து ஒட்டியது. இருபத்தெட்டு வருட மெக்கானிக் சரி என்கிறார். சுற்றி ஆறேழு ஆண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவேளை அது நைலான் இல்லையோ என்று எனக்கு நானே ஒரு காரணம் கொடுத்தேன்.

11.30க்கு அண்ணாவின் முதல் ஓட்டம். அக்கா கூடாரத்துக்குள், முதுகைத் திருப்பி, மடியில் கைப்பை. நான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் கேட்பதாக இல்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. களிமண் கட்டிகள் வேலியைத் தாண்டி வந்து விழுந்தன.

"நாலாவதா வராருங்க அக்கா... இப்ப மூணு..."

"கார் நிமிந்து நிக்குதோ? அதை மட்டும் சொல்லு."

"நிக்குதுங்க."

ஏழாவது சுற்றில் மூன்றாம் வளைவில் ஒரு சிவப்புக் கார் பின்னால் தட்ட, அண்ணாவின் கார் பக்கவாட்டில் வழுக்கி டயர்ச் சுவரில் போய் முட்டியது. டயர்கள் துள்ளின. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"என்ன? என்ன பிள்ளை?"

"டயர்ல இடிச்சுட்டாரு... வெளிய வந்துட்டாருங்க. ஓட்டறாரு."

இரண்டாவதாக முடித்தார். இறங்கி வந்து வலத் தோளைச் சுழற்றிக்கொண்டே, "சின்னத் தட்டு," என்றார். பின்னால் கையை விட்டு ஏதோ இறுக்கினார். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நான் றோல்ஸ் சாப்பிட்டேன். என்ன ருசி என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாப்பிட வேறு வேண்டுவோருக்கு உருளைக்கிழங்கு வறுவல் மூன்றரை யூரோ, காப்பி இரண்டு. காய்கறி உணவு என்றால் அவ்வளவுதான்.

முதல் குழுவின் இரண்டாவது ஓட்டம் 1.45க்குத் தொடங்கியது. வெர்னர் அதில். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, காதில் நுரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

1.52க்கு அது நடந்தது. நேர்ப் பாதையின் முடிவில் இரண்டு கார்களின் சக்கரங்கள் ஒன்றில் ஒன்று ஏறின. பச்சைக் கார் முன்மூக்கில் குத்தி எழும்பியது. ஒரு கணம் அதன் அடிப்பகுதி முழுக்கத் தெரிந்தது, கவிழ்த்துப் போட்ட கரப்பான்பூச்சி மாதிரி. பிறகு பக்கவாட்டில் உருண்டது. நான் மூன்று எண்ணினேன். மூன்றாவதில் கூரை தரையில் பட்டு, களிமண்ணில் கீறிக்கொண்டே போய், வேலிக்கு முன்னால் நின்றது. எனக்கும் அதற்கும் இடையில் முப்பது மீட்டர்.

எல்லா இயந்திரங்களும் அணைந்தன. இத்தனை நேரச் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதிதான் பயங்கரம். சோளத்தட்டைகள் உரசுவது கேட்டது. ஜன்னல் வலை ஒரு பக்கம் தொங்கியது, அதன் வழியாக வெர்னரைப் பார்த்தேன். தலைகீழாக இருந்தார். இருக்கையில் இல்லை, இருக்கைக்கும் அவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பெரிய உடம்பு முழுக்க இரண்டு தோள் பட்டைகளிலும் ஒரு இடுப்புப் பட்டையிலும் தொங்கியது. தலைக்கும் நசுங்கிய கூரைக்கும் நடுவே ஒரு சாண்.

நான்கு பேர் தீயணைப்பானோடு ஓடினார்கள். ஒருவர் தோளைக் கொடுத்து அவரைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் கொக்கியைத் தட்டினார். இரண்டு நிமிடம் ஆனது. பிறகு வெர்னர் ஜன்னல் வழியாகத் தவழ்ந்து வந்து, மண்ணில் உட்கார்ந்து, கட்டை விரலை உயர்த்தினார். எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. என் பக்கத்தில் நின்ற பெண் பாதி வறுவலை விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினார்.

ஒரு சாண். பட்டை தாங்கியதால் ஒரு சாண்.

அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அண்ணாவோட பெல்ட் சரியில்லைங்க. அமிலம் பட்டிருக்கு."

"நான் தோச்சனானே," என்றார் அக்கா. அடுத்த நொடி என் முகத்தைப் பார்த்தார். "அவரிட்டைச் சொல்லு. ஓடு!"

அண்ணா இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நின்றிருந்தார். தலைக்கவசம் போட்டாயிற்று, இயந்திரம் உறுமியது. நான் வலைக்கு வெளியே நின்று பெல்ட், பெல்ட் என்றேன். வேறு ஒருவர் பின்னாலிருந்து அப்போதுதான் அதை இறுக்கித் தந்திருந்தார். இறுக்கியாயிற்று என்று அண்ணா கட்டை விரலைக் காட்டினார். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். வாழ்த்து என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார்.

அங்கிருந்து, கார்களைச் சோதித்து ஒட்டுத்தாள் ஒட்டும் ஆய்வுக் கூடாரத்துக்கு நடந்தேன். உள்ளே ப்ரிகிட்டே என்ற அம்மாள், கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. என் ஜெர்மன் கடைக்குப் போய்வரப் போதும். அன்று அதுவும் வரவில்லை. "நாற்பத்தேழு. குர்ட். சொய்ரெ," என்றேன். பெல்ட். அமிலம். பிறகு விரல் நகத்தில் காலையிலிருந்து ஒட்டியிருந்த நீல நாரைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு அந்த நாரைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மணி 2.10.

அண்ணாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கூரைமேல் வைத்தார்.

"என்னட்டைச் சொல்லாமல் அவவிட்டைப் போய்ச் சொன்னனியோ? வீட்டிலை ஒண்டா இருக்கிற பிள்ளை நீ!"

"காலைலயே சொன்னேங்க அண்ணா," என்றேன். அது பொய். காலையில் நான் கேட்டேன், சொல்லவில்லை.

"விசர்க் கதை. உந்தப் பெல்ற் ஒரு காரையே இழுக்கும், தெரியுமோ? வாங்கோ, இழுத்துக் காட்டுறன்!"

இது அவர்கள் வழக்கம். உடைந்த கார், கவிழ்ந்த கார், சேற்றில் புதைந்த கார், எதையும் கையில் கிடைத்த பட்டையைக் கட்டி டிராக்டரால் இழுப்பார்கள். தாங்கினால் நல்ல பட்டை. அண்ணா வலத் தோள் பட்டையை அவரே கழற்றினார். ஒரு முனையைத் தன் காரின் முன் வளையத்தில் மாட்டினார், மறு முனையை டிராக்டரில். ப்ரிகிட்டே எல்லோரையும் இருபது காலடி பின்னால் போகச் சொன்னார். அண்ணாவைத் தலைக்கவசம் போட வைத்தார். அண்ணா ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இழு என்றார். சுற்றி நாற்பது பேராவது இருக்கும். சிலர் சிரித்தார்கள். அக்கா கூடாரத்தை விட்டு வெளியே வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அன்று முதல் தடவையாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராக்டர் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

பெரிய வெடிச்சத்தம் வரும் என்று காதைப் பொத்தியிருந்தேன். வரவில்லை. பழைய பனியனைத் துடைக்கும் துணிக்காகக் கிழிக்கிற சத்தம்தான். கார் அசையாமல் நின்றது. டிராக்டர் பின்னால் ஒரு நீல வால் தரையில் விழுந்து கிடந்தது.

அண்ணாவின் கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியது நீட்டியபடி இருந்தது.

ப்ரிகிட்டே காரிலிருந்த பச்சை ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்தார். வெர்னர் தோளில் பனிக்கட்டிப் பையோடு நொண்டிக்கொண்டு வந்து, தன் பெல்ட்டைத் தருகிறேன், அண்ணா ஓடட்டும் என்றார். ப்ரிகிட்டே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் போய் வெர்னரின் பெல்ட்டுகளையும் நறுக்கினார். ஒரு பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட் நீண்டுவிடும், அடுத்ததைத் தாங்காது; யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அங்கேயே வெட்டிவிடுவது விதி. அண்ணாவின் பெல்ட்டும் போன மாதமே இந்தக் கத்தரிக்கோலுக்கு வந்திருக்க வேண்டியது. சுத்தமாகத் தோய்த்து, காய வைத்து, புதிது மாதிரி ஆனதால் வரவில்லை.

"நான் தோச்சதாலையோ பிள்ளை?" என்று கேட்டார் அக்கா. அறுந்த முனை அவர் கையில் இருந்தது.

"இல்லைங்க அக்கா. அமிலம் பட்ட அன்னிக்கே போயிருச்சு. தோய்ச்சது நல்லதுதான்."

அண்ணா இறுதி ஓட்டத்தைக் காரின் மட்கார்டில் உட்கார்ந்து பார்த்தார். புள்ளிகளில் முதலிடத்தில் இருந்தவரே வருடப் பட்டத்தையும் வென்றார்.

திரும்பும்போது நான் அவர்கள் வேனில். டுசல்டோர்ஃபுக்கு 128 கிலோமீட்டர். பின்னால் காரை இழுத்துக்கொண்டு வந்தால் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஹால்டெர்ன் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் 6.35க்கு நிறுத்தினோம். வெயில் இன்னும் இருந்தது. அண்ணா எண்ணெய் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், சாவியைத் திருப்பவில்லை.

"காலமை ரயரிலை அடிச்சனான் எல்லே," என்றார். "அப்ப வலத் தோளிலை ஏதோ விட்டுக் குடுத்த மாதிரி இருந்தது. சீற் ஆணி எண்டு நினைச்சனான்."

"பிறகு பாத்தனீங்களோ?" என்றார் அக்கா.

"இல்லை. இறுக்கிப்போட்டு விட்டிட்டன்."

அக்கா பின்னால் திரும்பினார். "நீ எப்ப கண்டனீ?"

"பத்து நாற்பதுக்குங்க."

"முதல் ஓட்டத்துக்கு முன்னமே?"

"ஆமாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் பாக்க மாட்டன் எண்டுதானே பிள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்று மட்டும் சொன்னார். அண்ணா வண்டியை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பட்டைகளையும் ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் மாட்டினேன். இடப்பக்கம் வேண்டிய அளவு தாங்கியது. வலப்பக்கத்தில் மிச்சமிருந்த வெளுத்த துண்டு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. அறிக்கையை அச்சடித்துக் கீழ்வீட்டுக் கதவிடுக்கில் செருகினேன். இப்போது அது அண்ணாவின் பட்டறைச் சுவரில், பேட்டரிகள் அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேல் ஒட்டியிருக்கிறது. அவர் இன்னும் "வாங்க, போங்க" என்று என்னைக் கேலி செய்யத் தொடங்கவில்லை. அதற்குக் காத்திருக்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். அண்ணா கேட்டுக்கொண்டதால் கிளப்பின் பெயரை எழுதவில்லை. முன்ஸ்டர்லாந்துப் பக்கமும் வடக்கே எம்ஸ்லாந்துப் பக்கமும் இப்படிப் பல வயல் பாதைகள் இருக்கின்றன, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடும். ரொக்கமாக முப்பது யூரோ போதும். வெள்ளை உடுப்பு வேண்டாம். காதடைப்பான் கட்டாயம். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், உட்பக்க மேட்டில் நில்லுங்கள். கடைசிப் பேருந்து 5.40, இறுதி ஓட்டம் முடிந்து 2.8 கிலோமீட்டர் நடக்க நேரம் சரியாக இருக்கும். கார்கள் நிற்கும் இடத்துக்குள் யாரும் போகலாம், ஓட்டுநர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். இரும்புக் கூட்டையும் தலைக்கவசத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இருக்கைக்குப் பின்னால் பெல்ட் கட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

கார் வரிசையிலிருந்து ஆய்வுக் கூடாரத்துக்கு, கழிப்பறையைத் தாண்டி இடப்பக்கம், நூற்று நாற்பது காலடி. திரும்பும்போது எண்ணினேன். நான் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது.